முதல் திட்டு

எட்டு மாதமாக ஜிஸ்லேன் பேசவில்லை.

பக்கவாதம் பாரிஸில் வந்தது. அவளுக்குத் தெரிந்த ஏழு மொழிகளும் ஒரே காலையில் போயின, தாய்மொழி பிரெஞ்சு உட்பட. கேட்டால் புரியும், வாய் திறந்தால் ஒன்றும் வராது. தங்கை மகன் உலகப்படத்தை விரித்து எங்கே இருக்க ஆசை என்று கேட்டானாம். ஆப்பிரிக்காவில் எங்கள் நாடான பூர்க்கினா மேல் வைத்த விரலை அவள் எடுக்கவில்லை. எங்கள் ஊருக்கே கொண்டுவந்து விட்டான்.

நான் நொவாகா, சந்தையில் தையல்காரன். மோசி இனம். இந்த ஊர்க்காரர்கள் சாமோக்கள். பார்த்த இடத்தில் கேலியாகத் திட்டிக்கொள்வது இரண்டு இனத்துக்கும் உள்ள உறவுமுறை. நாங்கள் அவர்களை நாய்த்தலை தின்னிகள் என்போம். அவர்கள் எங்களை அடிமைகள் என்பார்கள். கோபிக்கக் கூடாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் சாமோ மொழியைப் பதிவுசெய்ய அவள் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தபோது மூன்று மாதம் அவளிடம் யாரும் வாய் திறக்கவில்லை. ஒருநாள் என் கடை முன் நின்றாள். நான் கத்தினேன்:

"ஏ நாய்த்தலை தின்னி, வெளிச்சத்த மறைக்காதே!"

சந்தையே சிரித்தது. மோசிக்காரன் நான் அப்படித் திட்டியதால் அவளும் ஒரு சாமோ ஆனாள். மறுநாளிலிருந்து அவளிடம் பேசினார்கள். பல வருடம் கழித்து வந்த அவளுடைய சாமோ அகராதியில், பேராசிரியர்களுக்கும் மேலே, முதல் நன்றி இப்படி இருந்தது: என்னை முதலில் திட்டிய நொவாகாவுக்கு.

இப்போது அவள், தன்னைத் தங்கவைத்திருந்த சாமோக்காரி பிலோமென் வீட்டு முற்றத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் குனிந்து நலம் விசாரித்துப் போனார்கள். நானும் விசாரித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது.

பிலோமென் என்னை வாசலில் மறித்தாள்.

"எங்கப்பா செத்தப்ப அவருக்கு வெட்டின குழிக்குள்ள கேலிக்குப் படுத்துக்கிட்டு, கோழி குடுத்தாத்தான் எந்திரிப்பேன்னவன் நீ. உயிரோட இருக்கறவகிட்ட எதுக்குடா இந்த மரியாதை?"

"நோயாளி, பிலோமென். மனசு ஒடிஞ்சுட்டா?"

"இப்ப மட்டும் ஒடியலையா? எல்லாருமா சேந்து அவளைத் திரும்ப வெள்ளைக்காரி ஆக்கிட்டீங்க."

உள்ளே போனேன்.

"ஏ நாய்த்தலை! நீ வந்த நாள்லேர்ந்து இந்தத் தெருவுல ஒரு நாயக் காணோம். எங்கடி போச்சு எல்லாம்?"

அவள் வாய் கோணியது. அழப்போகிறாள் என்று பயந்தேன். கழுத்து நரம்பு அசைந்தது. வெகுநேரம்.

"அடி... மை," என்றாள், சாமோ மொழியில். மூச்சு வாங்கினாள். "தண்ணி."

பிலோமென் கண்ணைத் துடைத்தபடி கத்தினாள்: "நின்னுட்டே இருக்கே? உன் எஜமானி கேக்கறா, ஓடு!"

எழுபது தாண்டிய கால்களோடு பானைக்கு ஓடினேன். கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பாதித் தண்ணீர் சிந்திவிட்டது. அதற்கும் திட்டு வாங்கினேன்.