மூன்றாம் அறையில் மேலாளர்

மேலாளர் பேய்க்கோட்டைக்குள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு. அவர் ஏறிய வண்டி நான்கு நிமிடத்தில் மறுவாசல் வழியாக வெளியே வந்தது. மடிக்குக் குறுக்கே போடும் இரும்புக் கம்பி பூட்டியபடியே இருந்தது, அவர் மட்டும் இல்லை. பொழுதுபோக்குப் பூங்காவில் அன்றைக்கு நல்ல வெயில், கூட்டம் சுமார்.

விசையைத் தள்ளி அந்த வண்டியை அனுப்பியவள் ஃபிட்டரின் அக்கா. ஃபிட்டர் அதற்கு இரண்டு வருடம் முன்பு, அதே கோட்டையின் மூன்றாம் அறையில், தண்டவாளத்துக்கு அடியில் படுத்து அறுந்த சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தபோது செத்துப்போனான். வெளியே வரிசை நீண்டுவிட்டதென்று மேலாளர்தான் மின்சாரத்தைப் போடச் சொன்னார். "ஆள் உள்ள இருக்கேன், வண்டிய நிறுத்துங்க" என்று அவன் கத்தியதை வரிசையில் நின்றவர்கள் பேயின் குரலென்று நினைத்துக் கைதட்டினார்கள். விசாரணையில் மேலாளர், அவன் குடித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இருமல் மருந்தைக்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறவன் அவன். நடந்ததை அப்போதைய விசைக்காரர் அக்காவின் வீட்டுக்கு வந்து சொல்லி அழுதுவிட்டு, வேலையை விட்டே போய்விட்டார்.

அக்கா மேலாளரைத் தேடி மூன்று தடவை போனாள். வேறெதுவும் வேண்டாம், குடித்துவிட்டு என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள் என்று கேட்டாள். மூன்றாவது தடவை அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "செத்தவனுக்கு என்னம்மா மானம், மரியாதை? வேலை வேணும்னா சொல்லு, தர்றேன்." அவள் சரியென்றாள். காலியாகக் கிடந்த விசை வேலையே கிடைத்தது. சூடு சொரணை இல்லாதவள் என்று சொந்தக்காரர்கள் பேசியது அவள் காதுக்கும் வந்தது, காதோடு விட்டுவிட்டாள்.

அவள் சேர்ந்த நாளிலிருந்து கோட்டைப் பொம்மைகள் யாரையும் பயமுறுத்தவில்லை. பெட்டியிலிருந்து எகிற வேண்டிய எலும்புக்கூடு இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தது. தலையில்லாதவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். குழந்தைகள் கொட்டாவி விட்டபடி வெளியே வந்தார்கள். எலக்ட்ரீசியன்கள் மாறி மாறி வந்து ஒயரையெல்லாம் பிரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். ஆனால் வெளியே மேலாளரின் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் எல்லாப் பொம்மைகளும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பின. அக்கா அதைப் பார்த்தாள், யாரிடமும் சொல்லவில்லை. புகார்கள் குவிந்ததும் மேலாளர் தானே ஏறிப் பார்க்கக் கிளம்பி வந்தார். அவள் கம்பியை வழக்கத்தைவிட ஒரு அழுத்து கூடுதலாக அழுத்தினாள்.

"நல்லா உக்காந்துக்கங்க சார். உள்ள கொஞ்சம் குலுங்கும்."

போலீஸும் மோப்பநாயும் வந்து தேடினார்கள். உள்ளே இருந்ததே இருநூறு அடித் தண்டவாளம்தான், ஆள் இல்லை. மறுநாள் வண்டி ஓடியபோது மூன்றாம் அறையிலிருந்து மேலாளரின் குரல் கேட்டது: "ஆள் உள்ள இருக்கேன், வண்டிய நிறுத்துங்க." வண்டியில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அப்புறம் கூட்டம் அள்ளியது. மேலாளரின் மனைவி வெள்ளிக்கிழமைதோறும் துவைத்த சட்டையோடு வந்து, மூன்றாம் அறையில் இருட்டுக்குள் நீட்டி, அழுக்குச் சட்டையை வாங்கிக்கொண்டு போனாள். மகள் கல்யாணமான வாரம் மாப்பிள்ளையை அழைத்துவந்து அறிமுகப்படுத்தினாள்.

முதல் வருடம் அவர் எல்லோரையும் வேலையை விட்டுத் தூக்குவேன் என்று மிரட்டினார். அடுத்த இரண்டு வருடம் கெஞ்சினார். நான்காம் வருடம், போகிற ஒவ்வொரு வண்டியிடமும், "அவன் குடிக்கல. நான்தான் கரண்ட்டப் போடச் சொன்னேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். அக்கா வண்டிகளை அனுப்பிக்கொண்டே இருந்தாள். விடுமுறைக்குப் பிள்ளையோடு வந்த ஒரு விசாரணை அதிகாரி அதைக் கேட்டுவிட்டு, மறுநாள் காகிதத்தோடு வந்து, மூன்று சுற்று போய் வாக்குமூலம் எழுதினார். இருட்டுக்குள் நீட்டிய காகிதம் கையெழுத்தோடு திரும்பியது. இரண்டு மாதத்தில் அந்தச் சொல்லை அடித்துத் திருத்திய உத்தரவு அக்காவின் கைக்கு வந்தது.

அன்று அவள் வண்டிகளை நிறுத்திவிட்டு உள்ளே நடந்து போனாள். பொம்மைகள் ஒதுங்கி வழிவிட்டன. மூன்றாம் அறையில் இருட்டிலிருந்து ஒரு கை வந்தது. பிடித்தாள். சூடாக இருந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் ஆள் வந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"உத்தரவு வந்துடுச்சாம்மா? அப்ப நான் வீட்டுக்குப் போலாமா?"

"தம்பி இன்னும் வீட்டுக்கு வரல சார்," என்றாள். கையை விட்டாள். வெளியே வந்து விசையைத் தள்ளினாள். மனசு உறுத்தும் என்று எதிர்பார்த்திருந்தாள்; உறுத்தவில்லை. மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு ஆய்வாளர் படிவத்தோடு வருகிறார். போன தடவை வந்தவர் புதியவர். வண்டி ஆறு, பொம்மை பதினாலு, மேலாளர் ஒருத்தர் என்று வரிசையாகப் படித்துவிட்டு, எல்லாம் சரியா இருக்கா என்று கேட்டார். சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த அக்கா, சரியாக இருப்பதாகச் சொன்னாள். அவர் குறி போட்டுவிட்டு ராட்டினத்தைப் பார்க்கப் போனார்.