அண்ணன் அறையில் மோடம்

மோடம் மாட்டிய அன்று வீட்டில் இருந்தவர்கள்: அம்மா, அண்ணன், அண்ணி, அக்கா, நான், தோளில் ஏணியோடு வந்த கேபிள்காரர். இந்த ஆறு பேரில் அந்த டப்பாவை நம்பியிருந்தது அக்கா ஒருத்திதான். அதை எங்கே வைக்கலாம் என்று அவளைத் தவிர எல்லோரும் பேசினார்கள்.

அக்கா புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்திருந்தாள். சமையலறைக்குப் பின்னால் இருக்கும் அறையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். அதை அறை என்பது ஒரு மரியாதைக்கு. ஓடாத மின்விசிறி, கிழிந்த மெத்தை, காலி டின்கள் எல்லாம் போட்டுவைத்த இடம். கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. அவள் ஏன் வந்தாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கையில் கன்றிப்போயிருந்ததை அம்மா கிட்டத்தில் பார்த்தாள். பார்த்துவிட்டு, கொஞ்சம் அனுசரித்துப் போயிருக்கலாம் என்றாள். அன்றிலிருந்து நான் அம்மாவிடம் சாப்பாடு போடச் சொல்வதோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆளின் வீட்டார் வந்து அவளை அழைத்துப்போவதாக அண்ணன் போனிலேயே பேசி முடித்துவிட்டான். அக்காவுக்கு அது கடைசியில்தான் தெரிந்தது. அவள் அழவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, லேப்டாப்பைத் திறந்து, என் போன் நெட்டை வைத்து வேலை தேட உட்கார்ந்தாள். கிடைக்கவும் கிடைத்தது. ஒரு மருத்துவமனைக்கு வரும் போன்களை வீட்டிலிருந்தே எடுத்து, எந்த டாக்டரை எப்போது பார்க்கலாம் என்று பதிவு செய்யும் வேலை. கடைசித் தேர்வு ஒன்று பாக்கி. அது மோடம் மாட்டிய அன்றே, மதியம் மூன்று மணிக்கு. வைஃபை கூடாது, ஒயர் நேராக லேப்டாப்பில் செருகியிருக்க வேண்டும். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. கதவு பூட்டியிருப்பதைக் கேமராவில் காட்ட வேண்டும். நோயாளிகளின் விவரம் வெளியே போகக் கூடாதாம். இதில் தேறிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களிடம் வரமாட்டேன் என்று சொல்ல அவளுக்குக் காலூன்ற ஓர் இடம் இருக்கும். இல்லாவிட்டால் அதே பெட்டி, அதே வீடு.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் ஒரு நெட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இரவு ஷிஃப்ட் பார்த்தவன். ராத்திரி முழுக்கக் காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்து, ரவுட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதுதான் பிழைப்பு. ஃப்ரிட்ஜின் மேல் என்பார்கள். மீன் தொட்டிக்குப் பின்னால் என்பார்கள். ஒருவர் தூசி படக் கூடாதென்று பிளாஸ்டிக் பையில் போட்டு, நூலால் கட்டி, பீரோவுக்குள் வைத்திருந்தார். நெட் வரவில்லை என்று என் பரம்பரையையே திட்டினார். ஒருநாள் ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். திரும்பிப் போகவில்லை. ராத்திரி விழித்துப் பகலில் தூங்கும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அண்ணனுக்கு நான் ஆந்தை.

கேபிள்காரர் வேலை தெரிந்தவர், அவசரக்காரர். செருப்பைக் கழற்றிக்கொண்டே, இன்னும் நாலு வீடு பாக்கி என்று சொல்லிவிட்டார். ஹாலில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தார். எங்களுடையது மாடி வீடு. வாசலிலிருந்து உள்ளே வந்தால் ஹால், வலப்பக்கம் அண்ணன் அறை, ஹாலுக்குப் பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் அக்கா. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் சுவரில், தலைக்கு மேல் உயரத்தில், பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டார். வீட்டுக்கு நட்டநடு. எல்லாப் பக்கமும் போகும். பின் அறைக்கு ஒயர் இழுப்பதும் சுலபம். நானாக இருந்தாலும் அங்கேதான் போட்டிருப்பேன்.

அண்ணன் போய் அந்தக் குறியைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்தான்.

தன் அறையில்தான் வைக்க வேண்டும் என்றான். காரணங்களை வரிசையாகச் சொன்னான். ஹாலில் ஒயர் தொங்கினால் வருகிறவர்கள் கண்ணில் படும். அவன் அறையில் ஏசி இருப்பதால் குளிர்ச்சியாக இருக்கும், டப்பா சூடாகாது. தூசி கிடையாது. சின்னப் பிள்ளைகள் கை வைக்காது. எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளையே இல்லை. அதை அண்ணி ஞாபகப்படுத்தினாள். நாளைக்கு யாராவது வந்தால் என்றான்.

உண்மையான காரணம் அந்த அறைக் கதவில் இருந்தது. போன மாதம் புதுப் பூட்டு போட்டிருந்தான். ஆபீஸ் போகும்போது அறையில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போவது அவன் பழக்கம். அண்ணி விருந்துக்கு வந்தவள் மாதிரி ஹாலில் உட்கார்ந்து பகலைக் கழிப்பாள். அவளிடமும் ஒரு சாவி உண்டு, ஆனால் அதை எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேள்வி வரும்.

கேபிள்காரர் ட்ரில்லைக் கையில் வைத்துக்கொண்டு, பொதுவாக, யாரையும் பார்க்காமல் கேட்டார். "வீட்ல யாருங்க நெட்டை அதிகமா யூஸ் பண்றது?"

சமையலறை வாசலில் நின்ற அக்கா, "நான்" என்றாள்.

"அவ ஞாயித்துக்கிழமை போயிடுவா" என்றான் அண்ணன். "நீங்க இங்க போடுங்க."

கடையில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கப்போகிறவன் மாதிரி சொன்னான். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஹால் சுவர்தான் சரி என்றேன். நீ பூட்டிக்கொண்டு போய்விட்டால் அக்காவுக்கு எங்கிருந்து நெட் வரும் என்று கேட்டேன். பகலில் யாருக்கு நெட் வேண்டும் என்று அவன் திருப்பிக் கேட்டான், அவள் அங்கேயே நிற்கும்போது.

"ஒரு வேலையில ஒழுங்கா நிக்கத் துப்பில்ல, சுவரப் பத்தி கிளாஸ் எடுக்க வந்துட்டான். போய்த் தூங்குடா ஆந்தை."

கேபிள்காரர் எங்கள் சண்டையில் தலையிடவில்லை. தனக்கு எங்கே போட்டாலும் ஒன்றுதான், ஓட்டை போட்ட பிறகு மாற்றச் சொல்லாதீர்கள் என்று மட்டும் சொன்னார். அதற்குள் அண்ணன் அம்மாவை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினான். தாழ்ந்த குரல் என்பது அவனுடைய நினைப்பு. ஹாலில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"வேலை கெடச்சுட்டா இங்கயே உக்காந்துடுவாம்மா. அப்புறம் வர்றவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அம்மா தலையை ஆட்டினாள். அம்மாவுக்குத் தலையை ஆட்ட மட்டும்தான் தெரியும், அதுவும் ஒரே பக்கமாக.

நான் அக்காவைப் பார்த்தேன். அவளுக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். மூக்கு நுனி மட்டும் சிவக்கும். சிவந்திருந்தது. பின் அறைக்குப் போனாள்.

அண்ணன் அறையில் ட்ரில் கத்தியது. கட்டிலின் தலைமாட்டில் சுவரோடு ஒரு பலகை உண்டு, அவன் கண்ணாடியும் கடிகாரமும் வைக்கிற இடம். அதன் மேல்தான் வைக்கச் சொன்னான். சுவரிலிருந்து சிவப்புத் தூள் மெத்தை முழுக்கக் கொட்டியது. ஒரு போர்வை போட்டு மூடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அண்ணி துடைப்பத்தோடு வந்து நின்றாள். கேபிள்காரர் ஓட்டை வழியாக ஃபைபரை இழுத்தார். உள்ளே இருப்பது தலைமுடி மாதிரிதான், மடக்கினால் உடைந்துவிடும் என்று அண்ணனிடம் இரண்டு தடவை சொன்னார். மோடமும் ரவுட்டரும் ஒரே டப்பாவாக இருந்தது. சிவப்பு விளக்கு கொஞ்ச நேரம் எரிந்து பச்சைக்கு மாறியது. அண்ணன் போனில் வேகத்தைச் சோதித்து, பாலம் திறந்துவைத்தவன் மாதிரி எல்லோருக்கும் காட்டிக்கொண்டு வந்தான்.

நான் என் போனை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். ஹாலில் நன்றாக வந்தது. சமையலறையில் பாதி. ஃப்ரிட்ஜையும் பாத்திர அலமாரியையும் தாண்டினால் ஒரு கோடு, அதுவும் விட்டுவிட்டு. வைஃபை வந்திருந்தாலும் அவளுக்கு அது செல்லாது.

திரும்பி வந்து, நீளமான ஒயர் ஒன்றை நானே வாங்கி வந்து பின் அறை வரை சுவரோரமாக இழுத்துத் தருகிறேன் என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒயர் நடுவில் இருந்தால் தன் கதவு மூடாது என்றான் அண்ணன். கதவுக்கு அடியில் விரல் நுழைகிற சந்து இருப்பதைக் காட்டினேன்.

"அது வழியா எலி வருது. அடைக்கப் போறேன்."

அவனை அடித்திருப்பேன். அந்த நேரம் பார்த்துக் கேபிள்காரர் வாசலிலிருந்து கூப்பிட்டார். கம்பத்துக்கு அடியில் அண்ணனுடைய பைக் நிற்கிறது, தொங்கும் ஒயரை இழுத்துக் கட்ட ஏணி போட வேண்டும், எடுங்கள் என்று. அண்ணன் கீழே போனான். அறையைப் பூட்டவில்லை. அண்ணி உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தாள்.

அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். தலையை வாரிப் பின்னியிருந்தாள். தேர்வுக்கென்று எடுத்துவைத்திருந்த நீலப் புடவையைக் கட்டியிருந்தாள்.

"மேஜைய ஒரு பக்கம் பிடி."

எந்தப் பக்கம் போகிறோம் என்று நான் கேட்கவில்லை. பின் அறையிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து ஹால். அண்ணன் அறை வாசலில் மேஜைக் கால் மாட்டிக்கொண்டது. சாய்த்து, திருப்பி, உள்ளே நுழைத்தோம். டப்பாவோடு வந்த ஒயர் ஒரு முழம்கூடச் சேராது. மேஜை அந்தப் பலகையை ஒட்டி நின்றால்தான் எட்டும். பலகைக்குக் கீழே அண்ணனின் தலையணை இருந்தது.

அண்ணி துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். கத்தப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். கட்டிலின் மறுபக்கம் போய்க் குனிந்து தள்ளினாள்.

"என்னையும்தான் இந்த ரூம்ல யாரும் எதுவும் கேக்கல" என்றாள். "ராத்திரி பூரா தலைக்கு மேல பச்சையா கண்ணடிச்சுக்கிட்டு இருந்தா நான் எப்படித் தூங்குறது?"

கட்டில் கிறீச்சிட்டு நகர்ந்தது. அண்ணன் படுக்கிற பக்கம் சுவரோடு போய் ஒட்டியது. இனி அவன் கால்மாட்டு வழியாக ஏறித்தான் படுக்க வேண்டும். அக்கா லேப்டாப்பை வைத்து ஒயரைச் செருகினாள். ஒரு சொடுக்குச் சத்தம். திரையைப் பார்த்தாள், மூச்சை விட்டாள். அம்மா வாசலில் வந்து நின்று, அவன் வந்தால் கத்துவான் என்றாள்.

"கத்தட்டும்" என்றாள் அக்கா. "கதவு மூடியிருக்கும்."

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தான். மேஜையைப் பார்த்தான், கட்டிலைப் பார்த்தான். அவனுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் கொஞ்ச நேரத்தை நான் மெதுவாக அனுபவித்தேன்.

"என்ன இது? எடு மேஜைய."

"நீ பாத்த இடம்தானேண்ணா" என்றாள் அக்கா. "குளிர்ச்சியா இருக்கு. தூசி இல்ல. ஒயரும் வெளிய தெரியல."

"இது என் ரூம்."

"தெரியும். பூட்டு இருக்கிற ரூம் இது ஒண்ணுதான்."

அவன் உள்ளே வரக் காலை எடுத்து வைத்தான். நான் வாசலில் நின்றிருந்தேன். நின்றது தற்செயல் இல்லை. என்னைவிட அவன் கனம். தோளால் ஒரு இடி இடித்தான். நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"தள்ளுடா ஆந்தை."

"பகல்ல ஆந்தைக்குக் கண்ணு தெரியாதுண்ணா. எந்தப் பக்கம் தள்றதுன்னு தெரியல."

அவன் கை ஓங்கியது. ஓங்கிய கை அப்படியே நின்றது, ஏனென்றால் அக்கா அந்தக் கையைப் பார்த்த பார்வை அப்படி இருந்தது. அவளுக்கு ஓங்கிய கைகள் புதிது இல்லை. அவன் முகத்தில் எதுவோ மாறியது. வெட்கம் என்று சொல்லமாட்டேன், அவனுக்கு அவ்வளவு நல்ல பெயர் கொடுக்க எனக்கு மனமில்லை. கை இறங்கியது, அவ்வளவுதான். அம்மா அழ ஆரம்பித்தாள். யாருக்காக அழுகிறாள் என்று நான் கேட்கவில்லை.

அண்ணி அவன் தலையணை, துண்டு, போன் சார்ஜர் மூன்றையும் சேர்த்து எடுத்து வந்து அவன் கைகளில் வைத்தாள். ஹாலில் உட்காருங்கள் என்றாள். பிறகு இடுப்பிலிருந்து தன் சாவியை எடுத்து அக்காவிடம் நீட்டினாள்.

"பூட்டிட்டு சாவிய துவாரத்துலயே விட்டுடு. அப்பதான் வெளியில இருந்து இன்னொண்ணு நுழையாது."

அக்கா சாவியை வாங்கிக்கொண்டாள். எங்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்பினாள். என் தோளில் ஒரு தட்டு, அண்ணிக்கு ஒரு தலையசைப்பு. மூன்று மணிக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. கதவை முக்கால்வாசி சாத்திவிட்டு, அந்த இடைவெளியில் அண்ணனைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை வரவேணாம்னு அவங்களுக்கு இப்பவே போன் பண்ணிடு. ஹால்ல சிக்னல் நல்லா வருது."

தேர்வே இன்னும் எழுதவில்லை. அதை நான்கூட எடுத்துச் சொல்லவில்லை. அண்ணன் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். கதவு அவன் மூக்குக்கு முன்னால் சாத்திக்கொண்டது. மேல் தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு அவன் வாங்கிப் போட்ட அந்தப் புதுப் பூட்டில், உள்பக்கமாக, சாவி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.