முனியப்பனிடம் கட்டிய இன்சூரன்ஸ்

வேடியப்பனின் அம்பாசிடர் எதில் மோதினாலும் காரில் கீறல் விழாது. அடி அவன் உடம்பில் விழும். கள்ளக்குறிச்சி டாக்சி ஸ்டாண்டில் இதைப் பார்க்காத ஆள் கிடையாது. வடக்கனந்தல் பக்கம் எருமை முட்டியபோது முன்விளக்கு அப்படியே இருந்தது, அவனுடைய இடது கண் வீங்கி மாசக்கணக்கில் மூடிக் கிடந்தது. கரியாலூர் மலைப்பாதையில் பாறை உரசியதில் கதவுக்கு ஒன்றுமில்லை, அவனுக்கு விலா எலும்பு விரிசல் விட்டது.

காரணம் இன்சூரன்ஸ்தான். ஒரு வருஷம் பிரீமியம் ஏறிப்போயிருந்தது. ஏஜெண்ட் அரங்கநாதன் நல்லவன் மாதிரி பேசுவான். ஏஜெண்டுகள் எல்லாரும் அப்படித்தான். கம்மியாகக் கட்ட வழி கேட்டதற்கு, அடுத்தவனுக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும் கட்டு, சட்டம் கேட்பது அதைத்தான், சொந்த வண்டிச் சேதத்தையும் கலவரச் சேதத்தையும் விட்டுத் தள்ளினால் பாதிக்கு மேல் மிச்சம் என்றான். ஸ்டாண்டில் பலரும் அப்படித்தான் கட்டினார்கள். விட்டுப்போன பாதிக்கு மலையடிவாரத்து முனியப்பனுக்கு வருஷம் ஒரு சேவல் அறுத்து, கற்பூரம் ஏற்றி, வண்டிக்கு ஒன்றும் வரக்கூடாது என்று கேட்டுக்கொள்வார்கள். வேடியப்பன் அந்தச் சேவலையும் மிச்சம் பிடிக்கப் பார்த்தான். சேவல் கொடுக்காதவனை எந்தச் சாமி காப்பாற்றும் என்று யோசித்து, “வண்டிக்கு வர்றது எனக்கு வரட்டும்” என்று சொல்லி, எரியும் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தான். முனியப்பன் ஒத்துக்கொண்டார். அடுத்த வருஷம் ரெண்டு சேவலோடு போய்ச் சத்தியத்தைத் திருப்பிக் கேட்டான், சேவல்தான் போயிற்று.

எண்பத்தேழில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் என்று செய்தி வந்தது. கேட்டவர்களுக்குக் கேட்க நியாயம் இருந்தது. ஆனால் மறியல் என்றால் முதலில் எரிவது வண்டி. வேடியப்பன் பெண்டாட்டி சாலம்மாள் நேரே அரங்கநாதனிடம் போனாள்.

“வண்டி எரிஞ்சா எங்க வூட்டுக்காரரு எரிவாருங்க. கலவரத்துக்கும் சேர்த்துக் கட்டிக்குங்க சார்.”

“ஊரே பத்திக்கப் போவுது, இப்போ போயி நெருப்புக்குக் கட்டறேன்னா எந்தக் கம்பெனிம்மா வாங்கும்?”

“அப்போ இன்னா எழவுக்குக் கம்பெனி?”

“ஆயிரம் பேரு கட்டுவான், ஒருத்தனுக்கு அடி வரும். அந்த அடியை ஆயிரம் பேருக்கும் பங்கு போடறோம். அவ்ளோதாம்மா இன்சூரன்ஸ்.”

அவன் ஜாஸ்தியாகச் சொல்லிவிட்டான். சாலம்மாள் கற்பூரத்தை வாங்கிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தாள். அந்த வருஷம் டிரைவர்கள் சாதிக்கு ஒரு டீக்கடை என்று பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் ரெண்டு கடைக்கும் நடுவே நின்று, என் புருஷன் அடியில் ஆளுக்கொரு பங்கு எடுங்கள், உங்கள் வண்டி அடியில் எங்களுக்கும் பங்கு என்று கேட்டாள். அவள் தம்பி பூமாலையும் அங்கே டிரைவர்தான்.

“மாமனுக்கு வுழற அடியை வாங்க எனக்கு இன்னா கிறுக்கா, யக்கா?”

“வாங்காதடா. நாளைக்கு உன் வண்டி மலையில உருளும், மாமன் பீடி குடிச்சிக்கினு பார்ப்பாரு.”

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒவ்வொருவனாக வந்து கற்பூரத்தை அடித்தான். பூமாலை கடைசியாக அடித்தான்.

வண்டியை வீட்டில் நிறுத்தினால் உலை ஏறாது. மறியலுக்கு முந்தின நாள் கரியாலூருக்குச் சவாரி போன வேடியப்பன் காலையில் திரும்பினான். வழியில் மறியல்காரர்கள் முன்னால் ஒரு புளியமரமும் பின்னால் ஒரு புளியமரமும் வெட்டிச் சாய்த்திருந்தார்கள். இறங்கச் சொல்லிவிட்டு வண்டிமேல் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். தீ வைத்தவன் பூமாலை. கூட்டத்தில் நிற்பவனுக்கு யார் வண்டி என்று தெரியாது என்பார்கள். தெரிந்துதான் வைத்தான் என்பவர்களும் உண்டு. அம்பாசிடர் சாயங்காலம்வரை எரிந்தது. பெயிண்ட்கூட உரியவில்லை. வேடியப்பன் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்து, சாவை எதிர்பார்த்து, உள்ளங்கையில் எழும்பிய ஒரு கொப்புளத்தை ஊதிக்கொண்டிருந்தான். அதே நேரம் ரெண்டு டீக்கடையிலும் டம்ளர்கள் கீழே விழுந்தன.

பூமாலைக்குக் கொளுத்திய கையிலேயே கொப்புளம் வந்தது. பொழுது சாய அக்காள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“எரியுதுக்கா.”

“எரியட்டும். எல்லாருக்கும்தான் எரியுது. உள்ள வா, சோறு ஆறுது.”

அதற்குப் பிறகு ஸ்டாண்டில் யாருடைய வண்டிக்கும் சேதம் இல்லை. ஒரு வேன் மலையில் உருண்டபோது மொத்தப் பேரும் ஒரு வாரம் பாயைவிட்டு எழவில்லை. ஒருவரும் சாகவில்லை; ஒருவரும் நன்றாகவும் இல்லை. டீக்கடைகள் இன்றும் ரெண்டுதான். மழைக்காலத்தில் இந்தக் கடையில் ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “எவன்டா அவன், பார்த்து ஓட்ட மாட்டானா?” என்பான். அந்தக் கடையிலும் எல்லாரும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். அரங்கநாதன் ஸ்கூட்டர் வாங்கியபோது கம்பெனியில் சட்டம் கேட்டதை மட்டும் கட்டிவிட்டு, மீதிக்குக் கற்பூரத்தோடு சாலம்மாளைத் தேடி வந்தான்.