நாற்பது விநாடி

பேட்டைப் பட்டறையொன்றில் முப்பதாண்டுகள் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஜேசுதாசன், மனைவி சுகிர்தாவின் முதலாண்டு நினைவு ஜெபத்திற்கு ஒன்றே ஒன்றைத்தான் விரும்பினார். மகள் அபிஷாவின் குரல் அன்று வீட்டில் ஒலிக்க வேண்டும். ஜெர்மனியில் செவிலியாகப் பணிபுரியும் அவளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அங்குள்ள தேவாலயப் பாடகர் குழுவோடு தான் பாடிய பாட்டின் ஒலிப்பதிவை மட்டும் அனுப்பியிருந்தாள்.

பதினோரு நிமிடப் பாட்டு. 'கர்த்தாவே, இரங்கும்' என்று பொருள்படும் இரண்டே சொற்கள், நாலைந்து சுரங்கள், வாத்தியம் ஏதுமில்லை. ஒரு குரல் நீள, அதன்மேல் மற்றொன்று வந்தமரும். நடுவே நாற்பது விநாடிகள் முழு அமைதி. அதன்பின் அபிஷா தனித்துப் பாடுவாள். முதன்முறை கேட்டபோது, முடிந்ததென்று எண்ணி அவரே அணைத்துவிட்டார். ஒரு வாரம் நாள்தோறும் கேட்ட பின்னரே, அந்த அமைதியும் பாட்டுத்தான் என்பது அவருக்கு விளங்கியது. வருவோரிடம் முன்னரே சொல்லிவிடலாமா என்று யோசித்தார். விளக்கிக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டார்.

மாலை ஐந்து மணிக்குக் கூடத்தில் பதினைந்து பேர் அமர்ந்திருந்தனர். ஒலிபெருக்கியில் பென்டிரைவைச் செருகியதும் பாட்டுத் தொடங்கியது.

"என்னண்ணாச்சி, பாபநாசத்துக்கு மலையேறுத பஸ்ஸு மாதிரில்லா பையப் போவுது!" என்று காதோடு சொன்னாள் பக்கத்து வீட்டு லில்லி.

"செத்த சும்மா இரு லில்லி."

குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. ஜேசுதாசன் கண்களை மூடிக்கொண்டார்.

"ஆமென்!" என்றார் ஜெபம் நடத்த வந்திருந்த உபதேசியார் ஜோன்ஸ்.

பாட்டு நின்றால் உபதேசியார் ஆமென் சொல்வதும், ஆமென் கேட்டால் எல்லாரும் எழுவதும் அங்கு வழக்கம். எழுந்தார்கள். நாற்காலிகள் இழுபட்டன, லில்லி வடைத்தட்டோடு வந்தாள். அந்த இரைச்சலுக்குள் அபிஷாவின் குரல் எழுந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னும் ஓடுதுல்லா அண்ணாச்சி, அணைச்சிரட்டுமா?" என்றார் உபதேசியார், வாயில் வடையோடு.

"அணைச்சிருங்க."

எல்லாரும் சென்றபின் மகள் அழைத்தாள்.

"கேட்டாங்களாப்பா?"

பொய் சொல்ல அவருக்கு நா எழவில்லை. "பாதிதாம்மா கேட்டோம். நீ பாடுத நேரத்துல வடை வந்துட்டு."

அவள் சிரித்தாள். "மறுபடி போடுங்கப்பா. நாம ரெண்டு பேரும் கேப்போம்."

கைபேசியை ஒலிபெருக்கியருகே வைத்துவிட்டு அமர்ந்தார். குரல்கள் அடங்கின, அமைதி வந்தது. மறுமுனையில் அவள் இருக்கிறாளா, இணைப்பு அறுந்துபோயிற்றா? கூப்பிட்டால் தெரிந்துவிடும். கூப்பிட்டால் பாட்டுக் கெட்டுவிடும். காலி நாற்காலிகளுக்கு நடுவே, வாய் திறவாமல் அவர் காத்திருந்தார்.