டபுள் பேஸ் ஏறிய வண்டி

லூக் மொரோவுக்குச் சொந்த ஊர் பிரான்சிலுள்ள நாந்த். முப்பது வருடம் ஜாஸ் குழுக்களில் டபுள் பேஸ் வாசித்தவர். ஆளைவிட உயரமான அந்தத் தந்தி வாத்தியத்தோடு ஒரு விழாவுக்காக மலேசியாவின் ஈப்போ நகருக்கு வந்தார். மணவிலக்கு ஆன மனிதர். திரும்பிப் போக அவசரம் எதுவும் இருக்கவில்லை. பக்கத்து ஊரான பத்து காஜாவில் வாடகை வீடு பார்த்துத் தங்கிவிட்டார்.

சனிக்கிழமைகளில் ஈப்போ ஹோட்டல் ஒன்றில் வாசிப்பு. ஒரு சனிக்கிழமை மாலை அவருடைய பழைய வேன் கிளம்ப மறுத்தது. எதிர்வீட்டுச் சரளாவிடம் போய், நான்கு வருடங்களில் பொறுக்கிச் சேர்த்த தமிழில் உதவி கேட்டார். கணவர் இறந்தபின் அவருடைய வண்டியைத் தானே ஓட்டி வந்தவர் சரளா.

"வண்டி இருக்கு அண்ணே. ஆனா சவ வண்டிலா. பரவால்லையா?"

லூக் யோசிக்கவேயில்லை. அளவெடுத்துச் செய்ததுபோல் பேஸ் உள்ளே படுத்துக்கொண்டது. வழியெல்லாம் மோட்டார்சைக்கிள்கள் ஒதுங்கின. சமிக்ஞை விளக்கருகே ஒரு சீனத் தாத்தா தொப்பியைக் கழற்றினார். லூக்கும் பதிலுக்குத் தலைவணங்கினார். ஹோட்டல் வாசலில் பியானோக்காரர் விக்னேஸ்வரனுக்கு முகம் வெளுத்துவிட்டது. முன்கதவைத் திறந்து லூக் இறங்கிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

சரளா கடைசி நாற்காலியில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். திரும்பும்போது, எப்படி இருந்தது என்று லூக் விசாரித்தார்.

"மத்தவங்கலாம் ஓடுறாங்க. நீங்க மட்டும் கூடவே நடந்து வாரீங்க. சாவு வீட்டுல எனக்கும் அதான் வேலை."

எந்த விமர்சகரும் லூக்கைப் பற்றி இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. வேனைப் பழுதுபார்த்த கையோடு விற்றுவிட்டார். அதன்பின் சனிக்கிழமைதோறும் சரளாவின் வண்டிதான். ஒருமுறை பாதி வழியில் சாவுச் செய்தி வர, லூக்கும் உடன் போய், பழைய ரப்பர் தோட்டத்து வீடொன்றில் நாற்காலி அடுக்கிக் கொடுத்தார். அன்று ஜாஸ் ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது.

சில மாதங்களில், சரளா தன்னை 'அண்ணே' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டதை லூக் கவனித்தார். ஏதாவது தப்பு செய்துவிட்டேனா என்று விக்னேஸ்வரனிடம் கவலையோடு கேட்டார்.

விக்னேஸ்வரன் சிரித்தார். "தப்பு இல்ல. இனிமே நீங்கதான் பேசணும்."

பேசினார். சரளா ஒரு வாரம் அவகாசம் கேட்டு, ஜோகூரில் வேலை செய்யும் மகள் தினேஸ்வரிக்குப் போன் போட்டார். அவர் ரசம் சாப்பிடுவாரா என்பதுதான் மகளின் ஒரே கேள்வி. பதிவுத் திருமணம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

போன வருடம் லூக்கின் கச்சேரி ஒன்றுக்காக இருவரும் நாந்த் போனார்கள். அரங்கச் சுவரில் லூக்கின் பெயர் ஓராள் உயரத்துக்கு எழுதியிருந்தது.

"இவ்ளோ பெரிய ஆளா நீங்க? சொல்லவே இல்ல."

நீ கேட்கவே இல்லையே என்றார் லூக். முதல் வரிசையில் உட்கார்ந்த சரளா, விமானப் பயணக் களைப்பில் மூன்றாவது பாட்டிலேயே தூங்கிப்போனார். மேடையிலிருந்து அதைப் பார்த்த லூக், டிரம்ஸ்காரரிடம் மெதுவாக வாசிக்கச் சொல்லிக் கண்காட்டினார்.