கரண்ட் போன பிறகும் வந்த வெந்நீர்

தீபாவளிக்கு முந்தின நாள் காலை, மெக்கானிக் டில்லிபாபு எங்கள் வீட்டு கீசரின் அடிப்பக்கத்தைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு பொருளை உருவி எடுத்து, பிறந்த குழந்தையைக் காட்டும் நர்ஸைப் போல எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார். தண்ணீரைச் சூடாக்கும் எலிமெண்ட் அது. எங்கள் தெரு போர் தண்ணீரின் உப்பு அதன்மேல் வெள்ளை வெள்ளையாக ஏறி, முள்ளும் முடிச்சுமாக நின்றது. முறுக்கு பிழிந்துகொண்டிருந்த அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மாவு பதம் போதல" என்று சொல்லித் திரும்பிப் போனாள்.

"உள்ள வெடிச்சிகினுகீது சார். இத்த வெச்சி சுச்சி போட்டா ஊடு பூரா கரண்டு பூடும்" என்றார் டில்லிபாபு.

"வேற ஒண்ணு போடேம்பா" என்றார் நைனா, எங்கள் அப்பா.

"நாளிக்கி தீவாளி. மெட்ராஸ்ல சாமான் குடுக்கறவன் ஊருக்குப் பூட்டான். பண்டிக முடிஞ்சாதான்." கிளம்பும்போது ஆறுதலாக ஒன்று சொன்னார். "கவலப்படாதீங்க சார். என் கை பட்ட கீசரு ரெண்டாவது வாட்டி என்ன கூப்ட்டதில்ல." எங்கள் கீசருக்கு இது அவருடைய மூன்றாவது வருகை.

இந்த இடத்தில் எங்கள் குடும்பத்தின் மானத்துக்கும் கீசருக்கும் உள்ள உறவைச் சொல்லியாக வேண்டும். அக்கா கல்பனாவின் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அம்மா அனுசுயா, காபியை ஆற்றியபடி, "உங்க ஊட்ல வெந்நி எல்லாம் எப்பிடி, அடுப்புலயா?" என்று கேட்டார்கள். சாதாரணமாகத்தான் கேட்டார்கள். நைனா சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. "பைப்ப திருவுனா வரும்" என்றார். அப்போது எங்கள் வீட்டில் பைப்பைத் திருகினால் காற்றுதான் வரும். மறுநாளே கீசர் வாங்கி மாட்டினார். அதன்பிறகு ஆர்.கே.பேட்டை பக்கம் கரும்பு வெட்ட ஆள் பேசப் போனாலும், உரக்கடையில் நின்றாலும், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் "பைப்ப திருவுனா வரும்" என்பதில் போய் முடியும். கல்பனா கல்யாணமாகிப் போன வீட்டிலும் அந்த வாக்கியம் குடியேறியிருந்தது. மாமியார் ஏதாவது சொன்னால், "உங்க நைனா ஊட்லதான் பைப்ப திருவுனா வருமே" என்றுதான் ஆரம்பிப்பார்களாம்.

இப்போது தலை தீபாவளி. அக்கா புருஷன் எழிலன் பாவா அக்காவோடு சாயங்காலம் வருகிறார். விடிந்தால் எண்ணெய்க் குளியல்.

அக்காவுக்கு போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும், "இதுக்கா இவ்ளோ? அவரு ரயில்வேல எலக்ட்ரிகல் ஆளுடா. சொன்னா அரக்கோணத்துலயே வாங்கியாந்து அவரே மாட்டிடுவாரு" என்றாள்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த நைனா போனை வாங்கினார். "தல தீவாளிக்கி வர்ற மாப்ள கையில ஸ்குரூ டிரைவரு குடுக்கறவன் இந்த ஜெகநாதன் இல்ல. அவரு காதுக்கு இது போவக்கூடாது. போச்சின்னா நீயும் வராத."

"அடுப்புல காய்ச்சி பக்கெட்ல குடுத்தா ஒடம்புல ஒட்டாதா?" என்றாள் அம்மா. நைனா மாடிக்கு ஏறினார். தோட்டத்துக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்ட மனிதர் அவர். தண்ணீர் மேலிருந்து கீழே வரும் என்ற ஒரே விதியை வைத்து ஐந்து ஏக்கரை ஆள்பவர். பயிருக்கு மருந்து கலக்க வாங்கி இன்னும் மருந்தையே பார்க்காத நீல டிரம் ஒன்று எங்களிடம் இருந்தது. அதை மொட்டை மாடியில் குளியலறைக்கு நேர் மேலே வைத்தார். டிரம்மின் அடியிலிருந்து ஒரு டியூப், சுவரோரம் இறங்கி, ஜன்னல் சட்டம் வழியாக உள்ளே நுழைந்து, கீசருக்குப் பின்னால் வெந்நீர்க் குழாயில் போய்ச் சேர்ந்தது. பக்கத்தில் மூன்று கல் வைத்து அண்டா. எரிக்க வேர்க்கடலைத் தோலும் சவுக்குக் கட்டையும். மழைக்காலமாதலால் மேலே தார்ப்பாய். அடுப்பில் காய்ச்சும் வீடு என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக, எங்கள் வீட்டில் இதுவரை இருந்ததிலேயே பெரிய அடுப்பை அவர் கட்டி முடித்தார்.

காலி கீசரைப் பழையபடி சுவரில் மாட்டினோம். நைனா கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "செகப்பு லைட்டு எரியணுமே" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மின் பொறியியல் மூன்றாம் ஆண்டு. இத்தனை நாளில் அந்தப் படிப்பைப் பற்றி அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. எலிமெண்ட்டுக்குப் போகும் இரண்டு ஒயரையும் பிரித்து, டேப் சுற்றி, சுவிட்சைப் போட்டேன். வேறெந்த வேலையும் செய்யாமல் விளக்கு மட்டும் சிவப்பாக எரிந்தது. "படிப்பு படிப்புதான்" என்றார் நைனா. என் கல்விக்குக் கிடைத்த முதல் பட்டமளிப்பு விழா அது.

விடியலுக்கு முன் அம்மா பாவாவை மணையில் உட்கார வைத்து, தலையில் எண்ணெய் வைத்தாள். அவர் குளியலறைக்குள் போனதும் கல்பனா கதவுக்கு வெளியே காவல் நின்றாள். நானும் நைனாவும் மாடியில். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நான் அண்டாவிலிருந்து மொண்டு டிரம்மில் ஊற்ற, நைனா பச்சைத் தண்ணீர் கலந்து முழங்கையை விட்டுப் பதம் பார்த்தார். ஈரக்கட்டை புகைந்தபோதெல்லாம் வெறுங்கையாலேயே தள்ளி விட்டார். கீழே ஜன்னலில் சிவப்பு வெளிச்சம். குழாயில் வெந்நீர் விழும் சத்தம். எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் நெஞ்சு நிமிர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் தெரு முழுக்க கரண்ட் போனது.

"கல்பனா" என்றது பாவாவின் குரல். ஜன்னல் எங்களுக்கு நேர் கீழே என்பதால் எல்லாம் கேட்டது.

"சொல்லுங்க."

"கரண்டு போச்சா?"

"ஆங், போச்சிங்க."

"தண்ணி சூடாத்தான் வந்துகினுகீது."

"அது... முன்னாடியே காஞ்ச தண்ணிங்க, உள்ள இருந்தது."

"சரி."

ஒரு பக்கெட் நிரம்பியது. ஊற்றிக்கொண்டார். இன்னொன்று. பிறகும் குழாய் ஓடியது. எங்கள் கீசர் பதினைந்து லிட்டர். அதன்மேலேயே பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். "நைனா, நிறுத்திடலாம்" என்றேன் மெதுவாக. "அதுல இருக்கற தண்ணி எப்பவோ தீந்திருக்கணும்."

"மாப்ள தலையில எண்ண இருக்குதுடா. லிட்டரு கணக்கு பாக்கற நேரமா இது? ஊத்து."

ஊற்றினேன். கீழே குழாய் நின்றது. பிறகு, விரல் முட்டியால் கீசரின் தகரத்தைத் தட்டுகிற சத்தம், ஒரே ஒரு தரம். ணங். தண்ணீர் இருக்கிற பாத்திரம் அப்படிச் சத்தம் போடாது. இதை அறிய மின் பொறியியல் தேவையில்லை. பானை வாங்குகிற எவருக்கும் தெரியும். நைனாவுக்கும் தெரிந்தது. கையில் பிடித்த சொம்போடு அப்படியே நின்றார். அவர் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. கரும்பு பட்டுப்போன வருஷம்கூட இப்படி இல்லை. அனுசுயா அம்மாள் ஆற்றிய அந்தக் காபியின் ஆவி இங்கே மாடிவரைக்கும் வந்தது போலிருந்தது.

கீழே குழாய் மறுபடியும் திறந்தது. நிதானமாக, முழுக்க.

"ஊத்துடா" என்றார் நைனா.

பாவா புது வேட்டி, வெள்ளைச் சட்டையோடு வெளியே வந்தபோது நைனாவும் புதுத் துண்டோடு கூடத்தில் இருந்தார். மாடியிலிருந்து அவர் எப்படி அத்தனை வேகமாக இறங்கினார் என்பது எனக்கு இன்றுவரை தெரியவில்லை. "தண்ணி எல்லாம் சரியா வந்துச்சிங்களா மாப்ள?" என்றார்.

"கரண்டு போயும் வந்துகினே இருந்துச்சி மாமா. நல்ல கம்பெனி."

அவர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. நான் கல்லூரியில் மூன்று வருஷமாகப் பழகியும் எனக்கு வராத முகம் அது. அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. அவருடைய அம்மா. பாவா கூடத்தின் நடுவில் நின்றபடியே, கொஞ்சம் சத்தமாகவே பேசினார். "ஆங், குளிச்சிட்டேம்மா... அடுப்புல எல்லாம் இல்ல. பைப்ப திருவுனா வருது... நிக்கவே இல்லம்மா. நம்ம ஊட்ல கூட இப்பிடி வராது."

நைனா தோளில் கிடந்த துண்டை எடுத்து, உதறி, மறுபடியும் தோளிலேயே போட்டுக்கொண்டார். அம்மா ஏனோ சமையலறைக்குள் போய்விட்டாள்.

பாவாவும் கல்பனாவும் காலில் விழுந்தபோது நைனா அட்சதை போட்டு, பாவாவின் முதுகில் கை வைத்து, "எழுந்திரிங்க மாப்ள" என்று தூக்கினார். கை வைத்த இடத்தில் ஐந்து விரலும் உள்ளங்கையும் கரியாக அப்படியே பதிந்தன. நைனா பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கல்பனாவும் பார்த்தாள்.

விடிந்ததும் மலைக்கோயிலுக்குக் கிளம்பினோம். படியில் நல்ல கூட்டம். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலைகள், தெலுங்கில் பிள்ளைகளை அதட்டும் அம்மாக்கள், அர்ச்சனைத் தட்டு விற்பவர்கள். நைனா முன்னால் ஏறிக்கொண்டே, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் நிறுத்தி, "எங்க மாப்ள. ரயில்வே" என்றார். கல்பனா பாவாவுக்குப் பின்னால் வந்து முந்தானை நுனியால் அந்தக் கரியைத் துடைக்கப் போனாள்.

"இருக்கட்டும், உடு" என்றார் பாவா, திரும்பாமலே.

அவளுக்கு வெட்கமா பெருமையா தெரியவில்லை, நெற்றியைத் தூக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறிப் போய்விட்டாள். பாவா எனக்காக நின்றார். நான் அருகில் வந்ததும், கோபுரத்தைப் பார்த்தபடியே, "எலிமெண்ட்டா, தெர்மோஸ்டாட்டா மச்சான்?" என்றார்.

"எலிமெண்ட்டு, பாவா."

"ம். லைட்டு கனெக்ஷன் யாரு குடுத்தது?"

"நான்தான்."

"டேப்பு நல்லா சுத்துனியா?"

"சுத்தினேன் பாவா."

தலையை ஆட்டினார். "பண்டிக முடிஞ்சி அரக்கோணம் வா. சாமான் வாங்கித் தரேன். நீயே மாட்டு. நீதான் மாட்டுனன்னு சொல்லு."

மறுபடியும் தூறல் விழுந்தது. மேலே போய்க்கொண்டிருந்த நைனா குடையை விரித்துக்கொண்டு அவசரமாக இறங்கி வந்தார். தான் நனைந்தபடி, முழுக்குடையையும் மாப்பிள்ளையின் தலைக்கு மேலே பிடித்தார். இருவரும் ஏறினார்கள். நான் இரண்டு படி பின்னால் வந்தேன். நனையாத அந்த வெள்ளைச் சட்டையின் நடுவில் கரிக்கை ஒன்று விரல் விரித்து, அவரை மேலே மேலே தள்ளிக்கொண்டே போனது.