இடப்பக்க மெலிவு

இரண்டாவது ஹெட்போனையும் கழற்றி மேசையில் வைத்தபோது பிரதாபனுக்கு அலுப்பாக இருந்தது. காலையிலிருந்து இதே வேலைதான். முதலாவதில் கேட்பது, இரண்டாவதில் கேட்பது, திரும்பவும் முதலாவது. யாழ்ப்பாணத்துத் தீவுக் கோயில்களின் திருவிழாக்களைப் பதிந்து, ஒலியைச் சீராக்கி, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அனுப்புவது அவனுடைய சீவியம். புளியங்கூடலில் அதை ஒரு தொழிலென்று ஒத்துக்கொண்டவர்கள் குறைவு.

இரண்டையும் வாங்கித் தந்தவர் சுவிசில் இருக்கும் அண்ணன் சிவகரன். முதலாவது பங்குனியில் வந்தது. எப்படியிருக்கிறதென்று அவர் கேட்டபோது, “நல்ல சாமான் அண்ணை, இடப்பக்கம் மட்டும் சத்தம் கொஞ்சம் மெலிவு” என்று பிரதாபன் வாய்விட்டுவிட்டான். அண்ணன் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அங்கிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வந்த, தெரிந்தவரான சிவபாதத்திடம் அதைவிட விலைகூடிய இன்னொன்றைக் கொடுத்துவிட்டார். சிவபாதம் நாளைக்குத் திரும்புகிறார். பழுதானதை அவரிடமே கொடுத்துவிட வேண்டும் என்பது உத்தரவு. இன்று பின்னேரம் அண்ணன் அழைப்பார். எது நல்லது, எது பழுது என்று சொல்லியாக வேண்டும்.

சத்தத்தில் இரண்டுக்கும் ஒட்டுறவே இல்லை. முதலாவது முற்றாக அடைத்த கூடு. அதில் தவில் நெஞ்சுக்குள் விழுந்தது. நாதஸ்வரம் காதோரம் வந்து நின்று, சற்றுத் தடித்துக் கேட்டது. நல்ல பதிவையும் கெட்ட பதிவையும் ஒரே மாதிரி இனிப்பாக்கித் தருகிற குணம் அதற்கு. இரண்டாவதின் வெளிப்புறம் கம்பி வலை. மாட்டிக்கொண்டால் வீட்டு வளவுப் பனைகளின் ஓலைச் சலசலப்பும் கூடவே வந்தது. ஆனால் தவில்காரர் எங்கே நிற்கிறார், நாதஸ்வரக்காரர் எத்தனை அடி தள்ளி நிற்கிறார் என்று அதில் கைநீட்டிக் காட்டிவிடலாம். அடித்து ஓய்ந்த மணியின் ரீங்காரம் தேய்ந்து தேய்ந்து போவதைக் கடைசிவரை கேட்கலாம். எதையும் மறைக்காத, கொஞ்சம் வறண்ட சத்தம்.

அதிலும் இடப்பக்கம் மெலிந்துதான் இருந்தது.

மனைவி பிரியவதனி தேத்தண்ணி கொண்டுவந்தாள். “இன்னும் முடியேல்லையே? என்னைப் பொம்பிளை பாக்க வந்த நேரமும் நீங்கள் இவ்வளவு யோசிக்கேல்லை.”

“அப்ப ஒண்டைத்தானே காட்டினவை.”

“ஓமோம், ரெண்டைக் காட்டியிருந்தா இப்பவும் பாத்துக்கொண்டுதான் இருந்திருப்பியள்.”

அவளுடைய தலையில் ஒவ்வொன்றாக மாட்டி, எந்தப் பக்கம் கூடக் கேட்கிறதென்று கேட்டான். நயினாதீவில் பதிந்து, இன்னும் கைவைக்காத பதிவு அது.

“ரெண்டு பக்கமும் ஒரேயளவுதான். ரெண்டிலையும்,” என்று சொல்லிவிட்டு அவள் குசினிக்குப் போனாள்.

தேத்தண்ணி ஆறும்வரை பிரதாபன் அசையாமல் இருந்தான். பிறகு ஹெட்போனைத் திருப்பி, இடதுக்குரியதை வலக்காதில் மாட்டினான். பழுது சாமானில் என்றால் மெலிவு இப்போது வலப்பக்கம் வரவேண்டும். வரவில்லை. மற்றதையும் திருப்பிப் போட்டான். மெலிவு நின்ற இடத்திலேயே நின்றது.

ஊரவர் யாராவது பழுதென்று கொண்டுவந்தால் அவன் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான். பங்குனியிலிருந்து இதை மட்டும் செய்யாமல் விட்டிருக்கிறான்.

முடித்து அனுப்பிய கடைசி மூன்று திருவிழாக்களையும் திறந்தான். கணினியின் அளவுகாட்டியில் மூன்றிலும் இடப்பக்கம் அவன் கூட்டிவைத்தபடி ஏறியிருந்தது. கண்ணால் பார்த்து ஒலி சரிசெய்பவர்களை அவன் இளக்காரமாகவே நினைத்து வந்தவன். “இடப்பக்கம் இரையுது” என்று கனடாவிலிருந்து ஒருவர் எழுதியபோதும், அந்தாளுடைய போன் சரியில்லை என்று விட்டுவிட்டான்.

இரண்டாவதுதான் நல்லது என்று சொல்லிவிடலாம். அண்ணன் சந்தோஷப்படுவார். ஒரு வசனம்தான்.

அழைப்பு வந்தது.

“சொல்லு, எது பழுது?”

“ரெண்டும் பழுதில்லை அண்ணை.”

“நீதானே சொன்னனீ, இடப்பக்கம் மெலிவெண்டு?”

“ஓம். அது என்ரை காதிலை.”

அண்ணன், “அப்ப வேறை கொம்பனி ஒண்டு பாப்பமே? காதுக்கேத்த மாதிரிச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற சாமான் ஒண்டு வந்திருக்காம்...” என்றார்.

“அண்ணை, ஹெட்போன் வேண்டாம்.” குரலை உயர்த்தவேண்டியிருந்தது. “எனக்கு இடக்காது கேக்கிறது குறைஞ்சுபோச்சு. இனி இந்த வேலை செய்ய ஏலுமோ தெரியாது.”

குசினியில் சட்டி கழுவும் சத்தம் நின்றது.

“முதல் போய் டொக்டரிட்டைக் காட்டு,” என்றார் அண்ணன், குரல் இறங்கி. “ஒண்டையும் திருப்பி அனுப்பாதை. வச்சிரு.”

பிரியவதனி வாசலில் நின்றாள். “எவ்வளவு காலமா?”

“தெரியேல்லை. ஒரு வருஷம் இருக்கும்.”

“நான் கூப்பிட்டா நீங்கள் திரும்பிறதில்லை,” என்றாள். “என்னிலை கோவமெண்டு நினைச்சனான்.”

“எப்ப கூப்பிட்டனீர்?”

“எத்தினை தரம். பிறகு கூப்பிடுறதை விட்டிட்டன்.”

அவள் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்துக்கு நாளைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.